முதல் மூன்று நாள்

காது இரைகிறதா என்று எலியிடம் எப்படிக் கேட்பது? 1988இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவெல் யாஸ்ட்ரெபாஃபும் அவருடைய சகாக்களும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். தாகமெடுத்த எலி தண்ணீர்க் குழாயை நக்கிக்கொண்டிருக்கும். கூண்டுக்குள் ஓயாத ஓர் ஒலி. அது திடீரென்று நின்றால், சற்றுப் பொறுத்துக் காலில் சிறு மின்னதிர்ச்சி. ஒலி நின்றால் குடிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று எலி விரைவிலேயே கற்றுக்கொண்டுவிடும். பிறகு அந்த எலிகளுக்கு ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த சாலிசிலேட்டைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். மிதமிஞ்சிய ஆஸ்பிரின் மனிதர்களுக்குக் காதிரைச்சலைக் கொண்டுவரும் என்பது வைத்தியர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். மருந்தேறிய எலிகள், கூண்டில் ஒலி நின்ற பிறகும் குடித்துக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு ஒலி நின்றிருக்கவில்லை.

மிக அழகான சோதனை, கொஞ்சம் குரூரமானதும்கூட. காதிரைச்சல் ஆய்வில் ஒரு காலகட்டமே அதிலிருந்து தொடங்கியது. அதுவரை நோயாளி வாயால் சொன்னால் மட்டுமே உண்டு என்றிருந்த ஒன்றை, வாயில்லாத பிராணியிடமும் அளக்க முடியும் என்றாகிவிட்டது. ஆனால் எலிக்கு எந்த நிமிடத்தில் மருந்து ஏறியது என்பது ஆய்வாளருக்குத் தெரியும். மனிதருக்கு அப்படி இல்லை. பெரும்பாலானோருக்குச் செவித்திறன் பத்து, இருபது ஆண்டுகளில் கரையோரம் அரிக்கப்படுவதுபோல் குறைகிறது. இரைச்சல் எப்போது வந்து சேர்ந்தது என்று அவர்களாலேயே சொல்ல முடியாது. காதிரைச்சல் ஏன் தோன்றுகிறது என்று தேடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய தடை. தொடக்கம் இல்லாத ஒன்றின் தொடக்கத்தை எங்கே தேடுவது?

விதிவிலக்கான ஒரு கூட்டம் உண்டு. இரவு நன்றாகக் கேட்ட காதோடு படுத்து, விடியும்போது ஒரு காது செத்த நிலையில் எழுபவர்கள்.

அல்பர்ட்ஸ்லுண்டில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் அவர்களில் ஒருவர். கோபன்ஹேகனுக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர் அது. அண்ணை யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்குக்கு வந்து, முதலில் யூலாந்தில் இருந்து, பிறகு தலைநகர்ப் பக்கம் மாறி, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசியை இடது காதில் வைத்தபோது மகளின் குரல் வரவில்லை. போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து வலது காதுக்கு மாற்றினார். மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

“குடுமி அடைச்சுப்போச்செண்டுதான் தம்பி நினைச்சன். நல்லெண்ணெயைச் சூடாக்கி ரெண்டு சொட்டு விட்டம். பின்னேரம்போலச் சில்வண்டு கத்தத் தொடங்கிச்சுது. எண்ணெய் வேலை செய்யுது, குடுமி கரையுது எண்டு மனிசி சொன்னா.”

ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை தடிமன் மாதிரி இருந்ததால் அது மாறினால் இதுவும் மாறும் என்று பொறுத்தார். டென்மார்க்கில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போகக் குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். வார இறுதியென்றால் தலைநகர்ப் பிராந்தியத்தில் 1813 என்ற இலக்கத்தை அழைக்கலாம். இதெல்லாம் அவருக்குத் தெரியும். முப்பது வருடமாக அந்த நாட்டில் இருக்கிறார். ஆனால் இரத்தம் வரவில்லை, வலிக்கவில்லை. காது அடைத்ததற்காக அவசர இலக்கத்தை அழைப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அடுத்த வாரம்தான் வைத்தியரைப் பார்த்தார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருந்தது என்பதை வைத்தியர் அப்போதுதான் அவருக்குச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனக வேண்டும். காதில் குடுமி என்னும் அழுக்கோ நீரோ அடைத்திருந்தால், முனகல் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நல்ல காதுக்கு ஒதுங்கினால் பழுது உள்ளே, காக்லியா என்னும் நத்தைச்சுருளிலோ நரம்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்த சோதனையின் ஏழை வடிவம் இது. நிச்சயமான முடிவு தராது. ஆனால் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் காரில் ஏற வைக்கப் போதுமானது.

இப்படித் திடீரென்று காது போவதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் வரையறை வறட்டுத்தனமானது: 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில், 30 டெசிபெல்லோ அதற்கு மேலோ நரம்புசார் இழப்பு. அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சத்தில் 5 முதல் 20 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. வைரஸ், காக்லியாவுக்கு இரத்தம் கொண்டுபோகும் ஒற்றை நாளத்தில் அடைப்பு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குவது என்று ஊகங்கள் உண்டு. ஸ்டீராய்டு கொடுப்பதென்றால் முதல் இரண்டு வாரங்களுக்குள் என்பது பொது விதி. மூன்றிலொரு பங்கிலிருந்து மூன்றிலிரு பங்கினர் வரை ஓரளவாவது தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்பதால் மருந்து எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வதும் கடினம். 2024 ஜூனில் இந்திப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கியபோது காது கேட்காமல் போனதாக அறிவித்த பிறகுதான் நம்மூர்ப் பத்திரிகைகளில் இந்த நோயின் பெயரே பரவலாக அடிபட்டது.

அண்ணைக்குப் பாதி திரும்பியது. தாழ்ந்த சுருதிகள் வந்துவிட்டன, உயர்ந்தவை வரவில்லை. சில்வண்டு தங்கிவிட்டது.

இந்த நோயோடு வாழ அல்பர்ட்ஸ்லுண்ட் வசதியான ஊர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1960களில், வயல்களாகக் கிடந்த இடத்தில், வரைபடத்தில் ஒரே மூச்சாகத் திட்டமிட்டு எழுப்பிய நகரம். தெற்குப் பகுதியில் முற்றத்தை அணைத்தபடி இருக்கும் தாழ்ந்த ஒற்றைமாடி வீடுகள், நடுவே ஒரு கால்வாய். கார்களுக்கு ஒரு வழி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் வேறு வழி. இரண்டும் சந்திக்க நேர்ந்தால் ஒன்று மற்றதன் அடியிலோ மேலோ போய்விடும். பிள்ளைகள் வண்டியில் அடிபடாமல் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அமைதி அதன் உபரி லாபம். மாலையில் அந்த முற்றங்களில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டில் கரண்டி விழுவது கேட்கும். அண்ணைக்கு அதுதான் நரகம். பஸ் ஓட்டிய காலத்து எஞ்சின் இரைச்சலுக்கு ஏங்குவதாகச் சொன்னார். எஸ்-தொக் ரயிலில் ஏறித் தலைநகர் மத்திய நிலையம்வரை போய், அங்கு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

நகரத் திட்டக்காரர்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அதே மண்ணில் வேறொரு வகை அமைதியும் கட்டப்பட்டது. 1859இல் திறந்த விரிட்ஸ்லூசலில்ல சிறை, அமெரிக்காவின் பிலடெல்பியா முறையைப் பின்பற்றியது. ஒவ்வொரு கைதியும் தனி அறையில். வெளியே நடத்திச் செல்லும்போது ஒருவரை ஒருவர் அடையாளம் காணாதபடி முகமூடி. தேவாலயத்தில்கூடத் தடுப்புகள். பேச்சு கிடையாது. ஒருவன் தன் மனச்சாட்சியோடு தனித்திருந்தால் திருந்துவான் என்பது அந்தக் கட்டிடத்தின் இறையியல். டென்மார்க்கில் பலருக்கு அந்தச் சிறை வாசல் பரிச்சயம். ‘ஓல்சன் கும்பல்’ நகைச்சுவைப் படங்களில் தலைவன் ஏகோன் விடுதலையாகி வெளியே வருவது அதன் வழியாகத்தான். மனச்சாட்சியோடு தனித்திருந்தவர்கள் உண்மையில் எதைக் கேட்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, கேட்பதை எழுதச் சொன்னார்கள். 94 சதவீதத்தினர் எதையாவது கேட்டார்கள்: ரீங்காரம், விசில், பூச்சிச் சத்தம். சில நிமிடங்கள் போதுமாயிருந்தது.

ஆக, இந்த ஒலி நோயாளிக்கு மட்டும் சொந்தமானதல்ல. எல்லோர் தலையிலும் ஏதோ ஓர் அளவில் இருப்பது, சிலருக்கு மட்டும் வெளியே வந்து குடியேறுகிறது. ஆய்வாளரின் கேள்வி இங்கேதான் மாறவேண்டும் என்பது என் எண்ணம். ‘இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது’ என்பதைவிட, ‘எந்த நாளில் அது போகாமல் நின்றுவிட முடிவெடுத்தது’ என்பதே கடினமான கேள்வி.

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. சத்தம் காதில் இல்லை. செவிநரம்பை அறுத்த பிறகும் பலருக்கு இரைச்சல் தொடர்ந்தது என்பதை அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். காரணம் மேலே, மூளைத்தண்டிலும் அதற்கப்பாலும். 1998இல் ஜீனா டுரிஜியானோவும் சகாக்களும் எலியின் மூளைப்புறணி நியூரான்களைத் தட்டில் வளர்த்து, இரண்டு நாள் அவற்றின் துடிப்பை மருந்தால் அடக்கி வைத்தார்கள். அடக்கம் நீங்கியபோது நியூரான்கள் முன்பைவிட உரக்கத் துடித்தன. உள்ளே வருவது குறைந்தால் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வது நரம்புச் செல்லின் இயல்பு. பழைய வால்வு ரேடியோவில் நிலையம் விழாதபோது ஒலிக்குமிழைத் திருகிக்கொண்டே போனால் கடைசியில் ரேடியோவின் சொந்த இரைச்சலே அறையை நிரப்பும். மூளையும் அதைத்தான் செய்கிறது என்பது கொள்கை.

2012இல் ரோலாண்ட் ஷெட்டவும் சகாக்களும் அதை மனிதரிடம் சோதித்தார்கள். நன்றாகக் காது கேட்கும் 18 பேர் ஒரு காதில் அடைப்பானை வைத்து ஏழு நாள் நடமாடினார்கள். அவர்களில் 14 பேருக்கு இல்லாத ஒலிகள் கேட்கத் தொடங்கின. அடைப்பானை எடுத்ததும் அவை போய்விட்டன. அண்ணையிடம் இதைச் சொன்னபோது, “அப்ப எனக்கும் ஆரோ அடைப்பான் வைச்சிட்டுக் கழட்ட மறந்துபோனாங்கள்” என்றார். அதைவிடச் சுருக்கமாக அந்தக் கட்டுரையைச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் ரேடியோ உவமை ஒரு கட்டத்துக்கு மேல் கைகொடுப்பதில்லை. ஒலிக்குமிழைத் திருகினால் எல்லாமே ஏறும். காதிரைச்சலோ பெரும்பாலும் இழந்த சுருதிகளின் எல்லையிலேயே குரல் கொடுக்கிறது. உயர்ந்த அதிர்வெண்களை இழந்தவருக்கு உயர்ந்த சில்வண்டு. தாழ்ந்தவற்றை இழந்தவருக்கு உறுமல். இரண்டாவது சிக்கல் நேரம். உணர்திறன் கூட இரண்டு நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று ஆகவேண்டும். ஹாம்ஸ்டர்களைப் பலத்த ஒலிக்கு உட்படுத்திய ஆய்வுகளில், மூளைத்தண்டின் முதல் செவிநிலையத்தில் துடிப்பு உயர்ந்தது சில நாட்கள் கழித்துத்தான். திடீரென்று காது போனவர்களில் பலருக்கோ இரைச்சல் சில மணி நேரத்திலேயே வருகிறது. அண்ணைக்குக் காலையில் காது போய், பின்னேரம் சில்வண்டு.

எனவே ஒன்றல்ல, குறைந்தது இரண்டு நிகழ்வுகள் நடக்கின்றன என்று நினைக்க இடமிருக்கிறது. மூளையின் செவிப்பாதையில் ஒவ்வொரு சுருதிக்கும் உரிய செல்கள் பக்கத்துச் செல்களை அடக்கி வைத்திருக்கின்றன. ஒரு பகுதி ஊமையானதும் அந்த அடக்குமுறை உடனே தளர்ந்து, அக்கம்பக்கத்துச் செல்கள் துள்ளத் தொடங்கலாம். இது நிமிடங்களில் நடக்கக்கூடியது. அதன்மேல், நாட்கணக்கில், உணர்திறனின் மெதுவான ஏற்றம். இரண்டுக்கும் இடையில் எங்கோ, தற்காலிகமான ஒலி நிரந்தரவாசியாகிறது. கவனமும் பயமும் அதில் கலந்துகொள்கின்றன என்பதை யாஸ்ட்ரெபாஃபே 1990இல் முன்வைத்தார்: மூளை அந்த ஒலியை ஆபத்தின் அறிகுறியாகக் குறித்துக்கொண்டால், பிறகு அதைக் கேட்காமல் விடுவது அதற்கு முடியாத காரியம். காது போன அன்றைய மனநிலையில் எந்த ஒலிதான் ஆபத்தாகத் தெரியாது?

விடை அந்த முதல் சில நாட்களில்தான் கிடக்கிறது. அந்த நாட்களில்தான் நோயாளி வீட்டில் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். ஆய்வகத்துக்கு அவர் வந்து சேரும்போது இரண்டாம் காட்சி முடிந்து மூன்றாம் காட்சி நடக்கிறது. திடீர்ச் செவிட்டுத்தனம் ஆய்வாளருக்குத் தரும் அபூர்வமான கொடை அதன் தேதி. அந்தத் தேதியில் ஆய்வாளர் எவரும் அங்கே இருப்பதில்லை.

அண்ணைக்கு அவருடைய சொந்தக் கொள்கை ஒன்று உண்டு. 1987 மே கடைசியில், இலங்கை இராணுவத்தின் வடமராட்சி நடவடிக்கையின்போது, பக்கத்து வளவில் ஷெல் குண்டு விழுந்து இடது காது ஒரு நாள் முழுக்க அடைத்துக் கிடந்தது. மறுநாள் திறந்துவிட்டது. “அண்டைக்குத் திறந்தது முழுசாத் திறக்கேல்லைப்போல” என்பார். இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2009இல் ஷரன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மனும் சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் பலத்த ஒலிக்கு உட்படுத்தினார்கள். செவித்திறன் சில நாளில் பழையபடி திரும்பியது. அளவைக் கருவியில் எல்லாம் சரி. ஆனால் ஒலியைப் பிடிக்கும் மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில் ஏறத்தாழப் பாதி, உயர்ந்த சுருதிகளின் பகுதியில், போய்விட்டிருந்தன; மீளவில்லை. வெளியே நலமாகத் தெரியும் காது உள்ளே பாதி நரம்போடு பல ஆண்டுகள் ஓடலாம் என்பது இதிலிருந்து வந்த எண்ணம். அண்ணையின் ஷெல்லுக்கும் அவருடைய சனிக்கிழமைக்கும் தொடர்பு உண்டென்று இது நிரூபித்துவிடாது. ஆனால் இரைச்சலான இடத்தில் வேலை செய்ததுண்டா என்று எங்கோ ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். போரை அவர் வேலை செய்த இடமாக நினைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அந்தக் கட்டத்தில் அப்படியே எழுதியிருப்போம்!

இந்தக் கேள்விகளெல்லாம் எழும் இடம் அல்பர்ட்ஸ்லுண்ட் என்பதில் ஒரு வினோதமும் உண்டு. உலகில் விற்கும் காது மெசின்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய நிறுவனங்கள். அவற்றில் மூன்று இந்த ஊரைச் சுற்றியே தலைமையகம் வைத்திருக்கின்றன: பாலருப்பில் ஜிஎன், ஸ்மூரமில் டிமாண்ட், சற்று வடக்கே லூங்கவில் டபிள்யூஎஸ் ஆடியாலஜி. முதல் இரண்டுக்கும் சைக்கிளிலேயே போய்விடலாம். ஜிஎன் 1869இல் தந்திக் கம்பி போடத் தொடங்கியது. டிமாண்டின் கதை இல்லறத்திலிருந்து தொடங்குகிறது. ஓடன்சே நகரில் தையல் மெசினும் சைக்கிளும் விற்ற ஹான்ஸ் டிமாண்டின் மனைவி கமிலாவுக்குக் காது மந்தம். இங்கிலாந்தின் அரசியாகிவிட்ட டேனிஷ் இளவரசி அலெக்சாண்ட்ராவுக்கும் அப்படித்தான். முடிசூட்டு விழாவில் அவர் மின் கருவி ஒன்றைப் பயன்படுத்தினார் என்ற செய்தி ஹான்ஸின் கண்ணில் பட்டது. மனைவிக்கு அதே கருவியை வாங்கிவரப் போனவர், 1904இல் அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

உள்ளீடு குறைந்ததால் மூளை கத்துகிறது என்றால், உள்ளீட்டைத் திருப்பிக் கொடுத்தால் அடங்கவேண்டும். அண்ணையின் இடது காதில் இப்போது ஒரு மெசின் இருக்கிறது. போட்டிருக்கும்போது சில்வண்டு தூரத்து வேலிக்குப் போய்விடுகிறது, கழற்றினால் தலையணைக்கு வருகிறது என்கிறார். முற்றிலும் செத்த காதிலும் இதுவே நடக்கிறது. 2008இல் ஆண்ட்வெர்ப்பில் பால் வான் ட ஹைனிங்கும் சகாக்களும், ஒரு காது போய்க் கடும் இரைச்சலால் வதைபட்டவர்களுக்கு காக்லியர் இம்ப்ளாண்ட் பொருத்தினார்கள். அதுவரை இரண்டு காதும் கேட்காதவர்களுக்கு மட்டுமே கொடுத்த கருவி. பெரும்பாலோருக்கு இரைச்சல் வெகுவாகத் தணிந்தது. கருவியை அணைத்தால் பலருக்கு அது திரும்பி வந்துவிடுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொள்கை சரி, ஆனால் முழுமையானதல்ல. ஏழு நாள் அடைப்பான் வைத்தவர்களுக்கு எடுத்ததும் மறைந்த ஒலி, ஏழு வருடம் கேட்டவர்களுக்கு வெறுமனே பதுங்குகிறது. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே மூளை எதை மாற்றி எழுதியது? அந்த எழுத்து எத்தனை நாள்வரை அழிக்கக்கூடியது?

இதை ஆராய டென்மார்க்கைவிடத் தோதான நாடு இராது என்று தோன்றும். 1968 முதல் ஒவ்வொருவருக்கும் சிபிஆர் என்னும் ஆள் அடையாள இலக்கம். 1977 முதல் மருத்துவமனை அனுமதிகள் தேசியப் பதிவேட்டில். யார் எப்போது என்ன நோயோடு வந்தார் என்று இருந்த இடத்திலிருந்தே புரட்டிப் பார்க்கலாம். ஆனால் பதிவேடு தொடங்குவது நோயாளி வாசலுக்கு வந்த பிறகு. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: காது போவதற்கு முந்தைய நாள் அது எவ்வளவு கேட்டது என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. இரத்த அழுத்தம், கொழுப்பு, சீனி எல்லாவற்றுக்கும் பழைய கணக்கு உண்டு. நல்ல காதை யாரும் அளந்து வைப்பதில்லை. மறுகாது அப்படியே இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வைத்தியர் இழப்பைக் கணக்கிடுகிறார்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணைச் சோதிப்பதுபோல் ஒரு தடவை காதையும் அளந்து, அந்தத் தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். பெரிய செலவில்லை. மயிர்ச்செல்லை முளைக்க வைக்கும் மருந்துக்காக நடக்கும் ஓட்டத்தைப் பார்த்தால், இந்தச் சின்ன வேலைக்குக் கிடைக்கும் கவனம் போதாது என்பேன். ஆய்வுக்கூடத்துக்கு அது ஓர் ஒப்பீட்டுப் புள்ளி. பாதிக்கப்பட்டவருக்கோ முனகிப் பார்ப்பதைவிட உறுதியான சாட்சி.

போன முறை சந்தித்தபோது அண்ணை ஒரு கோப்பைக் காட்டினார். வதிவிட அனுமதி, குடியுரிமைப் பத்திரம், ஓய்வூதியக் கடிதங்கள் வைத்திருக்கும் கோப்பு. அதில் வலது காதின் ஆடியோகிராம் ஒன்றையும் சேர்த்திருந்தார். இடது காதுடையதைக் கேட்டேன்.

“அது ஆஸ்பத்திரியில இருக்கும்” என்றார். “இது நல்ல காது. இதுக்குத்தான் கடுதாசி வேணும்.”